கேள்விகளாலேயே ஆன ஒரு ராப் பாட்டு

எனக்கு நாற்பத்து மூன்று வயது. பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் வேலை. சரவணம்பட்டியில் ஒரு அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். மனைவி முதலில் வேலையை பெங்களூருக்கு மாற்றிக்கொண்டு போனாள். விவாகரத்து அதற்கப்புறம். பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. "உங்களோட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்குதுங்க" என்று ஒருமுறை சொன்னாள். என்ன பதில் சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் பால் பொங்கியது, அவள் எழுந்து போய்விட்டாள்.

இந்த வயதிலும் நான் கேட்பது ஹிப் ஹாப்தான். ஆபீஸில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் டிராயிங் போடுவேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். போன வருஷம் ஒருநாள் மதியச் சாப்பாட்டில் கேட்டார்.

"ஏனுங்க, இன்னுமா அந்தக் கத்தற பாட்டையே கேக்கறீங்க? அது காலேஜ் பசங்க சமாச்சாரமில்லீங்களா?"

"அதுவும் இப்ப வளந்துருச்சுங்க."

"பாட்டு எப்படிங்க வளரும்?" என்று சிரித்துவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனார்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அன்று சாயங்காலம் வரை எனக்கு வேலை ஓடவில்லை. அது வளர்ந்ததா இல்லையா என்று சொல்ல எனக்குத் தெரிந்தவன் ஒருவன்தான். அவனோடு நான் பேசி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நாங்கள் இருவரும் என்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறை. நான் சோமனூர்ப் பக்கம். தோட்டமும் பத்துத் தறியும் உள்ள குடும்பம். அவன் சத்தியமங்கலம். அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக், அம்மா வீட்டில் துணி தைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச். முதல் வாரமே அவனுடைய வாக்மேன் இயர்போனில் ஒன்றை எனக்குக் கொடுத்தான். ஒருத்தன் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனான். ஒரு வார்த்தை புரியவில்லை. மறுநாள் திரும்பவும் கேட்டேன்.

இரண்டாம் வருஷத்தில் நாங்களே எழுத ஆரம்பித்தோம். திருப்பூரில் எக்ஸ்போர்ட்டில் கழித்துக்கட்டிய பெரிய சைஸ் டி-ஷர்ட்களை வாங்கி முழங்கால்வரை தொங்க விட்டுக்கொண்டோம். எழுதியதெல்லாம் பொய். எங்களிடம் இல்லாத கார், இல்லாத தங்கச் சங்கிலி, இல்லாத எதிரி. எதிரியைத் திட்டுவதில்தான் சிக்கல் வந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் யாரைத் திட்டினாலும் கடைசியில் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். "உன்னை மிதிச்சுப்போடுவேன்" என்று நான் ஆரம்பித்தால் அவன் வேண்டுமென்றே "மிதிச்சுப்போடுவேனுங்க" என்று முடிப்பான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அப்படிச் சிரித்தது என் வாழ்க்கையில் அந்த மூன்று வருஷம்தான்.

மூன்றாம் வருஷ லீவில் அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அம்மா வாசலுக்கே வந்து வரவேற்றாள்.

"வாங்க தம்பி, வாங்க. உக்காருங்க. எந்த ஊருங்க தம்பி?"

"சத்திங்கம்மா."

"சத்தியில எங்கீங்க?"

அவன் தெருவின் பெயரைச் சொன்னான்.

"அது எந்தப் பக்கமுங்க தம்பி?"

எங்கள் ஊரில் அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். சாதியைக் கேட்கிறார்கள். அதை அம்மா எவ்வளவு பிரியமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு பிரியமாகக் கேட்டாள். அவன் சர்ச்சுக்குப் பின்னால் என்றான். அம்மா "சரிங்க தம்பி" என்று உள்ளே போனாள். எனக்குக் காபி எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அவனுக்கு, எங்கள் அக்கா கல்யாணத்தில் மீந்துபோன பிளாஸ்டிக் டம்ளரில்.

சூட்டில் அது நெளிந்தது. அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தான். "காபி நல்லா இருக்குதுங்கம்மா" என்றான். டம்ளரை எங்கே போடுவது என்று பார்த்தான். "அப்படியே வெளிய போட்டுருங்க தம்பி" என்றாள் அம்மா. நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அதாவது, பார்ப்பதுபோல் இருந்தேன்.

பஸ் ஏறி ஹாஸ்டலுக்குத் திரும்பினோம். மூன்று வாரம் கழித்து ஒரு நோட்டை என் கட்டிலில் போட்டான். அதில் இருந்தது முழுக்கக் கேள்விகள். எந்த ஊருங்க, ஊருல எங்கீங்க, எந்தப் பக்கமுங்க, அப்பா என்ன பண்றாருங்க, ஊடு சொந்த ஊடுங்களா. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, கடைசியில் மூச்சு முட்டுகிற வேகத்தில். ஒவ்வொரு வரியும் 'ங்க'வில் முடிந்தது. தாளம் அதிலேயே இருந்தது.

"கேள்வி கேக்கறது நீ. நான் நடுவுல சும்மா நிப்பேன். பதிலே சொல்ல மாட்டேன்" என்றான்.

"இது ராப் இல்லடா. உன் சொந்தக் கதை."

"சொந்தக் கதைதான்டா ராப்பு. நாம இத்தனை நாளாப் பாடினது ஆரோட கதை?"

எனக்குக் கோபம் வந்தது. என் அம்மாவை மேடையில் ஏற்றப் பார்க்கிறான் என்று நினைத்தேன். ஆனாலும் சரி என்றேன், ஏனென்றால் அது நாங்கள் எழுதியதிலேயே நல்ல பாட்டு என்று எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மாதம் பயிற்சி செய்தோம்.

கல்சுரல்ஸ் அன்று ஆடிட்டோரியம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் எங்கள் ஊர்ப் பையன்கள், எனக்குச் சொந்தக்காரர்கள், வேண்டியவர்கள், என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இசை ஆரம்பித்தது. முதல் கேள்வியை நான் கேட்க வேண்டும். அவர்களைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். வந்தது பழைய பாட்டு, அந்த இல்லாத காரும் தங்கச் சங்கிலியும். ஆடிட்டோரியமே எழுந்து ஆடியது. அவன் நான்கு வரி வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மைக்கைத் தரையில், சத்தம் வராமல், மெதுவாக வைத்துவிட்டு இறங்கிப் போனான். இரண்டாம் பரிசை நான் மட்டும் போய் வாங்கினேன்.

அவன் அடுத்த நாளே அறையை மாற்றிக்கொண்டான். மிச்ச வருஷம் நாங்கள் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க நூறு தடவை அவன் அறை வரைக்கும் போயிருக்கிறேன். கதவைத் தட்டியதில்லை.

அதற்கப்புறம் வேலை, கல்யாணம், விவாகரத்து எல்லாம் வந்தது. ராப்பை நான் எழுதவில்லை, கேட்பதை விடவுமில்லை. அது மாறிக்கொண்டே வந்ததைத் தனி ஆளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கெங்கோ இருக்கும் பாடகர்களுக்கு ஐம்பது வயதானது. பெருமை பேசியவர்கள் தூக்கம் வராததைப் பாடினார்கள், பிள்ளைகளிடம் தோற்றதைப் பாடினார்கள். தமிழிலும் பையன்கள் தங்கள் தெருவைப் பற்றி, தங்கள் வீட்டைப் பற்றி, மறைக்காமல் பாட ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றும் கேட்கும்போது 'இது அவன் சொன்னதுதானே' என்று தோன்றும். அதைச் சொல்ல எனக்கு ஆள் கிடையாது.

பக்கத்து சீட்டுக்காரர் கேட்ட அந்த வாரம்தான் இணையத்தில் அவனைத் தேடினேன். கிடைத்துவிட்டான். சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் ஆசிரியர். ஒன்பது பாட்டுள்ள ஆல்பம் ஒன்றைத் தானே தயாரித்து வெளியிட்டிருந்தான். படத்தில் முன்தலையில் முடி இல்லை. குரல் மட்டும் அதே குரல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை கேட்டபோது ஒன்பது பாட்டிலும் நான் தேடியது என்னைத்தான். எங்கேயாவது ஒரு வரியில் என்னைத் திட்டியிருப்பான், அந்தக் கேள்விப் பாட்டு எங்கேயாவது இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஒரு பாட்டு காலையில் போடுகிற பிரஷர் மாத்திரையைப் பற்றி. இன்னொன்று பரீட்சைப் பேப்பர் திருத்துவது பற்றி. ஆறாவது பாட்டு அவன் அப்பாவைப் பற்றியது. பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்ட அப்பாவுக்கு அவன் சேவிங் செய்துவிடுகிறான். பாட்டின் நடுவில் இசை நின்றுவிடும். பிளேடு தாடையில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவன் மறுபடி பேச ஆரம்பிப்பான், அவசரமில்லாமல். அதை நான் அன்று பதினோரு தடவை கேட்டேன். என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெறிச்சென்று இருந்திருக்காது.

அடுத்த வாரம் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அண்ணன் வீட்டிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு அவிநாசி ரோட்டில் வரும்போது அந்தப் பாட்டைப் போட்டேன்.

"பாட்டா கண்ணு இது? பேசறாப்பல இருக்குது."

"பாட்டுத்தாம்மா."

கொஞ்ச நேரம் கேட்டாள். "அப்பனுக்குச் சேவிங் பண்ணி உடறானா? நல்ல பையன்."

"என்கூடப் படிச்சவன். நம்மூட்டுக்கு ஒருக்கா வந்திருக்கறான். நீதான் காபி போட்டுக் குடுத்த."

"அப்படியா கண்ணு? ஆராரோ வந்தாங்க. எனக்கென்ன ஞாபகம் இருக்குது."

எந்த டம்ளரில் கொடுத்தாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஒரு கண்ணில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுபத்தாறு வயது. சொல்லவில்லை. கருணையால் சொல்லவில்லையா, பழைய பயத்தால் சொல்லவில்லையா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை.

இரண்டு மாதம் கழித்து அவன் கோயம்புத்தூருக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு சின்ன ஹாலில் நிகழ்ச்சி. நூறு பேர் இருக்கலாம். அவன் சாதாரணக் கட்டம் போட்ட சட்டையில், கண்ணாடியோடு, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பாடினான். கூட்டத்தில் பாதிப்பேருக்கு என் வயது இருந்தது ஆச்சரியமாக இருந்தது. யாரும் ஆடவில்லை. சேவிங் பாட்டின்போது எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் மேடை ஓரத்தில் போய் நின்றேன். வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"என்னைத் தெரியுதா?" என்றேன்.

"தெரியாம என்னுங்க. வாங்க. நல்லா இருக்கீங்களா?"

ஹாஸ்டலில் அவன் என்னை ஒருதடவைகூட நீங்க என்றதில்லை. நான் வைத்திருந்த 'டா' தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"அன்னிக்கு ஸ்டேஜ்ல நான் பண்ணினது தப்பு. அன்னிக்கு ஊட்டுல நடந்ததுக்கும் நான் வாயத் தொறக்கல. இத்தனை வருஷமாச் சொல்லணும்னு…"

"ஆமாங்க. தப்புத்தான்" என்றான். குரலில் கோபம் இல்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வயரை ஒரு சுற்றுச் சுற்றி முடித்தான். "அப்ப ரொம்பக் கோவமா இருந்துச்சு. உங்க மேல நாலு பாட்டு எழுதிப்போட்டேன். நாலும் திட்டுத்தான். ரெண்டு வருசம் கழிச்சுக் கேட்டா எனக்கே சலிப்பா இருந்துச்சு. வேண்டாம்னு உட்டுட்டேன்."

"அந்தக் கேள்விப் பாட்டு? அது நல்ல பாட்டு. அதையாவது போட்டிருக்கலாம்."

"அதுக்குக் கேக்கற ஆள் ஒருத்தர் வேணுமில்லீங்களா. தனியாப் பாடினா நல்லா வரல." சுற்றிய வயரைப் பைக்குள் போட்டான். "அப்புறம் எங்கப்பா படுத்துட்டாரு. அவரைப் பத்தி எழுதவே நேரம் பத்தலைங்க."

அப்பாவைப் பற்றி விசாரித்தேன். மார்கழியில் இறந்துவிட்டார் என்றான். யாரோ போட்டோ எடுக்க அவனைக் கூப்பிட்டார்கள். "வாரேனுங்க" என்று சொல்லிக் கையைக் கொடுத்தான். கை நல்ல சூடாக இருந்தது. போன் நம்பரை அவனும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் லைட் போடாமல் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பு என்றால் யாராவது ஒருவர் அழுவார் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "பாட்டு வளந்துருச்சுங்க, நேத்து நேர்லயே பாத்துட்டேன்" என்று சொன்னேன். அவருக்கு நாங்கள் பேசியதே மறந்துபோயிருந்தது. "எந்தப் பாட்டுங்க?" என்றார்.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக் கடைக்குப் போகிறேன். அங்கே மாடியில் ஒரு மைக்கை வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் பேர் கொடுத்துவிட்டுப் பாடலாம், கவிதை படிக்கலாம். ஐந்து மாதம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஆறாவது மாதம் பேர் கொடுத்தேன். இருபது வருஷத்துக்கப்புறம் எழுதியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு ஆளுக்கு அரிசி எவ்வளவு போடுவது என்று தெரியாமல் குக்கர் முன்னால் நிற்பதைப் பற்றி. மொத்தம் பதினாறு வரி. எட்டு வரி சொன்னேன். ஒன்பதாவது வரவில்லை. நின்று பார்த்தேன், வரவே இல்லை. "அவ்வளவுதாங்க" என்று இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன். எல்லோருக்கும் தட்டுவதுபோல எனக்கும் கை தட்டினார்கள்.

அடுத்த பேர் ஒரு பெண்ணுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும், நர்ஸ் யூனிஃபார்மோடு டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். என் பக்கத்தில் நின்று, "அண்ணா, பையைக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?" என்றாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன போல, கனமாக இருந்தது. அவள் மேடைக்குப் போய் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள், ஒரு தடவை இருமினாள், ஆரம்பித்தாள். நன்றாகவே பாடினாள். முடிகிறவரை பை சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.