கண்ணில் படாத சேவ் பட்டன்

நான் எழுதிய ஒரு மென்பொருளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக எழுதியது. விண்டோஸ், லினக்ஸ் எதில் போட்டாலும் ஓடும் என்று பீற்றிக்கொண்டேன். ஓடத்தான் செய்தது, என் மடிக்கணினியில்.

விஜயதசமியன்று மானிட்டரின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தொடங்கினோம். முடிவுகளைப் பதிவு செய்யும் பெண் கெங்குவார்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருபவர். பார்வை மந்தம் என்பதால் திரையில் எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தார். மறுநாளே போன் செய்து, சேவ் பட்டனைக் காணவில்லை என்றார். குங்குமம் மறைத்திருக்கும், துடைத்துப் பாருங்கள் என்று சிரித்தேன். துடைத்துவிட்டு மறுபடி அழைத்தார், அப்போதும் காணவில்லையாம். உங்கள் மானிட்டர்தான் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதன்பின் அவர் அழைக்கவே இல்லை. கடைசிக் கட்டத்தை நிரப்பியதும் டேப் விசையை இரண்டு முறை தட்டி என்டர் அடித்தால் பதிவாகிவிடுகிறது என்று தானே கண்டுபிடித்திருந்தார். முதல் தட்டில் நிற்பது எல்லாவற்றையும் அழிக்கும் கிளியர் பட்டன், இரண்டாவதில் சேவ்.

பொங்கல் முடிந்ததும், மருத்துவர் பெயருக்கென்று அடியில் இன்னொரு கட்டத்தைச் சேர்த்து அனுப்பினேன். அதுவும் அவர் திரைக்குள் வரவில்லை. வழக்கம்போல இரண்டு தட்டு, என்டர். இப்போது முதல் தட்டு புதுக் கட்டத்துக்குப் போக, இரண்டாவது கிளியரில் போய் நின்றது. சேமித்தாலும் படிவம் காலியாகும், அழித்தாலும் காலியாகும். அவருக்கு எப்படித் தெரியும்? வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தவர்களின் முடிவுகள் அத்தனையும் போயின. நோட்டில் எழுதும் வழக்கத்தையும் என் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தார்கள்.

மறுநாள் காலை நிலைய உரிமையாளர் போனில் கேட்டபோது, எதையும் பார்க்காமலே, அந்தம்மா தப்பாக அமுக்கியிருப்பார் என்றேன். நான் போய்ச் சேர்வதற்குள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

எப்படிப் பதிவு செய்வீர்கள் என்று கேட்டேன். செய்து காட்டினார். நிரலைத் திறந்தேன். திரையில் படிவம் வரும் ஜன்னலின் உயரத்தை ஒரே அளவாக இறுக்கி வைத்திருந்தேன். இழுத்துப் பெரிதாக்க முடியாது, உருட்டிப் பார்க்கவும் முடியாது. எழுத்து பெருத்தால் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விடும். சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

உரிமையாளரிடம் போய், "தப்பு என்னுதுண்ணே. அவுக மேல ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்பக் காலைல ஏன்ப்பா அப்பிடிச் சொன்ன?"

நான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டே நாளில் சரிசெய்துவிட்டேன். அந்தப் பெண்ணும் வேலைக்குத் திரும்பினார். என் எதிரிலேயே முதல் முடிவைப் பதிவு செய்தார். திரையின் அடியில் சேவ் பட்டன் முழுசாக நின்றது. அவர் அதைப் பார்க்காமல், மேசையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து அதே எண்ணை எழுதினார்.

"பட்டன் தெரியுதுல்லம்மா?"

"நல்லாத் தெரியுதுண்ணே" என்றார், எழுதுவதை நிறுத்தாமல்.