முன் ஆசனத்தில் சமாதான நீதவான்

எங்கள் பகுதியில் கறுப்புக் கோட்டுப் போட்டவரெல்லாம் லோயர். காணி உறுதி எழுதும் நொத்தாரிசும் லோயர், கடதாசியில் முத்திரை குத்தும் சமாதான நீதவானும் லோயர். வாதாடும் அப்புக்காத்து, கடதாசி பார்க்கும் பிரக்கிராசி என்று முன்பு இரண்டு வகையினர் இருந்தார்கள். சட்டம் இருவரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் போட்டு எத்தனையோ காலமாயிற்று. இன்றும், "இவர் அப்புக்காத்தோ, சும்மா லோயரோ?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவன். விளக்கிக் களைத்துவிட்டேன்.

அண்மையில் உடையார்கட்டில், பக்கத்து வளவுக்காரரின் மகனை அனுமதியின்றி மணல் ஏற்றியதாகச் சொல்லி, உழவு இயந்திரத்துடன் பொலிஸ் பிடித்தது. மறுநாள் முல்லைத்தீவு நீதிமன்றம். பிணை கிடைக்காவிட்டால் அவன் வவுனியாச் சிறைக்குப் போவான்.

அவர்கள் பிடித்திருந்த சட்டத்தரணி ஓர் இளம் பெண். பிணை நிற்பவர் கிராம அலுவலரான விதானையாரிடம் வதிவிடக் கடிதம் எடுத்து வரவேண்டும் என்று, வீட்டுக்குத் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லியிருந்தா. அவ்வளவு சின்ன விஷயம் தகப்பனின் காதில் ஏறவில்லை. அவர் பெரிய ஏற்பாடு செய்தார். உரக்கடை வைத்திருக்கும் சமாதான நீதவானைப் பிணைக்குக் கேட்டார். கோழிச் சண்டைக்குக்கூடத் தீர்ப்புச் சொல்ல அதிகாரமில்லாத மனிதர், கறுப்புக் கோட்டோடு வந்து, வாடகைக்குப் பிடித்த வானின் முன் ஆசனத்தில் ஏறினார். எனக்கும் தாய்க்கும் பின்னால் இடம். நீதிமன்றத்துக்குள் யாருடைய காதிலாவது நான் ஏதாவது சொல்லுவேன் என்ற நம்பிக்கையில் என்னையும் கூட்டிச் சென்றார்கள்.

நீதிமன்ற வாசலில் சட்டத்தரணி எங்களைத் தேடி வந்தா.

"தங்கச்சி, லோயர் ஐயா எத்தினை மணிக்கு வருவார்?" என்றார் தகப்பன்.

"நான்தான் ஐயா லோயர்."

"ஓம், ஓம். நான் பெரியவரைக் கேக்கிறன்."

பெரியவர் என்று ஒருவரும் இல்லை. அந்தப் பெண்தான் எழுந்து பேசினா, சுருக்கமாக. நீதவான், காசு கட்டாமல் ஒருவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் சரீரப் பிணையில் அவனை விட உத்தரவிட்டார். தகப்பன், பக்கத்தில் இருந்த சமாதான நீதவானைக் கும்பிட்டார்.

பிணை எழுதும் மேசையில் சமாதான நீதவான் தம் அடையாள அட்டையை நீட்டினார். எழுதுவினைஞர் விதானையாரின் கடிதத்தைக் கேட்டார்.

"நான் சமாதான நீதவான், தம்பி."

"நல்லது ஐயா. கடிதம்?"

"விதானையின்ரை பிரதிக்கே நான்தான் முத்திரை குத்திக் குடுக்கிறனான்."

"அப்ப குத்தின நேரம் அவரிட்டை ஒண்டு வாங்கியிருக்கலாமே."

வெளியே சிறைச்சாலை பஸ் வந்து நின்றது. தகப்பன் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா விடுவினம்."

"நான் அந்தக் கதிரையில் இருந்த காலத்திலையும் விட்டிருக்க மாட்டன்," என்றேன்.

சட்டத்தரணி எங்களோடு கதைத்து நேரத்தை வீணாக்கவில்லை. மரத்தடியில் இருந்த தாயிடம் போனா. தாய் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தா. விடிய வெள்ளன விதானையார் வீட்டுக்குப் போய், தன் பெயருக்கே வாங்கி வைத்திருந்தா.

"உதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்று தகப்பன் சீறினார்.

"சொன்னனான். பெரிய ஆள் வாறார், நீ பேசாமல் இரு எண்டனீங்கள்."

தாய் கையெழுத்திட்டா. பஸ் அவனை ஏற்றாமல் போயிற்று.

திரும்பும்போதும் முன் ஆசனம் சமாதான நீதவானுக்குத்தான். "நான் வந்து முன்னுக்கு இருந்தபடியால்தான் நீதவான் யோசிச்சவர்," என்றார். "ஓம் ஐயா, அது எங்களுக்குத் தெரியும்," என்றார் தகப்பன். பின்னால் தாயின் தோளில் தலையைச் சாய்த்து மகன் நித்திரையாகியிருந்தான். அவனாவது அந்தக் கதையைக் கேட்கவில்லை.