தாலி ஏந்திய பீங்கான்

எங்கள் வீட்டுக் கலியாணங்களில் தாலி வெள்ளித் தட்டத்தில் சபைக்குப் போவதில்லை. பீங்கானில்தான் போகும். வட்டமான பெரிய பீங்கான் தட்டு. விளிம்பில் நீலக் கோடு, நடுவில் காற்றில் விரிந்த ஒரு கொடி, அதற்குக் கீழே வளைவாக இங்கிலீசு எழுத்துகள். அதில் மஞ்சள் அரிசி பரப்பி, தேங்காய் வைத்து, தேங்காயின்மேல் தாலிக்கொடியை வைத்து, மண்டபத்தில் இருக்கிற எல்லாரிடமும் கொண்டுபோய்த் தொட்டு வாழ்த்தச் சொல்லுவோம். என் தாய்க்கு அப்படித்தான் நடந்தது. எனக்கும் அப்படித்தான்.

எங்கள் பூட்டனுக்கும் முந்திய ஒருவர் சொந்தமாகக் கப்பல் வைத்திருந்தார், அந்தக் கப்பலில் அவர் சோறு தின்ற பீங்கான் இது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கொடி அவருடைய கொடி. எழுத்து அவருடைய கப்பலின் பெயர். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், அதுவும் தமிழ்தான். என் பிள்ளைகள் லண்டனுக்கு வந்து படித்த பிறகு அந்த எழுத்தை வாசித்தார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர் என்றார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களும் கப்பலுக்கு இங்கிலீசுப் பெயர் வைத்தார்கள் என்று சொன்னேன். அது பொய்யும் அல்ல. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

யுத்தத்தில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது அந்தப் பீங்கானை என் கூறைச்சேலையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கொழும்பில் லொட்ஜ் அறையில் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன். விமானத்தில் மடியில் வைத்திருந்தேன். கீறல்கூட விழவில்லை. வேறு எத்தனையோ போயிற்று, அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

என் புருசன் இங்கே வந்து அதிக காலம் இருக்கவில்லை. ஒரு பேக்கரியில் ஷிப்ட் வேலை. மாவு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடியே விழுந்தார். அந்தக் கிழமைச் சம்பளத்தில், அவர் விழுந்த பிறகு உள்ள மணித்தியாலங்களை வெட்டிவிட்டுத்தான் தந்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்தக் கலியாணத்திலும் மணவறைக்குக் கிட்டப் போவதில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லும்வரைக்கும் விடுகிற ஆள் நான் இல்லை. நானாகவே போய்ப் பின் வரிசையில் இருந்துகொள்வேன். மூத்த மகனின் கலியாணத்தில் தாய் தகப்பன் இடத்தில் என் தமையனும் மச்சாளும் நின்றார்கள். நான் பெற்ற பிள்ளைக்கு வேறு யாரோ அறுகரிசி போட்டார்கள். ஆனால் தாலி என் பீங்கானில் போயிற்று. முன் வரிசை, பக்கத்து வரிசை, ஐயருடைய கை, மாப்பிள்ளையின் கை என்று அது போவதை இருந்த இடத்திலிருந்து பார்த்தேன். எனக்கு அது போதுமாயிருந்தது.

ஆகையால் இளையவனின் கலியாணம் பொருந்தி வந்தபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மண்டபம் உங்கள் விருப்பம், நாள் உங்கள் விருப்பம், சாப்பாடும் உங்கள் விருப்பம். தாலி மட்டும் எங்கள் பீங்கானில் போகவேண்டும். மகன் ஓம் என்றான். பெண்ணின் தாயும் அன்று ஓம் என்றுதான் சொன்னா. அவர்கள் செவன் கிங்ஸில் இருக்கிறார்கள், சொந்தமாக இரண்டு கடை.

பெண் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், இங்கேயே பிறந்தவள். பீங்கானின் கதையைக் கேட்டதும் அவளுக்குக் கண் பெரிதாகிவிட்டது.

"மாமி, இது சூப்பர் ஸ்டோரி. வெடிங் கார்டுக்குப் பின்னால இதைப் பிரிண்ட் பண்ணுவம். கப்பலின்ர படமும் கிடைக்குமோ எண்டு பாப்பம்."

ஆற்றங்கரையில் ஒரு மியூசியத்தில், வீட்டிலுள்ள பழைய சாமான்களைக் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்லுகிற நாள் ஒன்று இருக்கிறதாம். அவளே கிங்ஸ்பரியில் என் வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. சொன்னால் என்ன, பெருமையாகவும் இருந்தது. நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன்.

அங்கே கையுறை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இருந்தாள். பீங்கானை இரண்டு கையாலும் வாங்கி, முதல் வேலையாகக் கவிழ்த்துப் பார்த்தாள். நாங்கள் அதைக் கவிழ்த்தது கழுவும்போது மட்டும்தான். பின்பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு அடையாளம் இருந்தது. அது செய்த இடத்தின் அடையாளம், இங்கிலாந்தில் செய்தது என்றாள். பிறகு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவளுடைய முகம் சந்தோசமாக இருந்தது. என் மருமகளாக வரப்போகிறவளின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் மாறியது.

"என்ன சொல்லுறாள்?"

"மாமி... இது உங்கட ஆக்களின்ர கப்பல் இல்லையாம்."

இருநூறு வருசத்துக்கு முந்திய யாவாரக் கப்பல். முதலாளி லண்டன்காரன், கொடி அவனுடைய கொடி. இந்த ஆற்றிலிருந்துதான் புறப்பட்டது. கல்கத்தாவுக்குப் போய்ச் சரக்கு ஏற்றியது. ஏற்றக்கூடிய அளவுக்கு மேலே ஏற்றி, காற்று மாறும் காலம் வந்த பிறகும் நில்லாமல் வெளிக்கிட்டது. எங்கள் கரைக்கு வெளியே கடலுக்குள் இருக்கிற கற்பாரில் புயல் அதைத் தூக்கி அடித்தது. கல்லில் ஏறி இரண்டாகப் பிளந்து போயிற்று. அந்தக் காலத்தில் யாவாரக் கப்பல்கள் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின என்றாள். பழைய கப்பலுக்குப் புது வர்ணம் அடித்து, காப்புறுதி எழுதி, கடலில் விட்டுவிடுவார்களாம். வந்தால் லாபம். வராவிட்டாலும் முதலாளிக்கு நட்டம் இல்லை.

"பீங்கான் எப்பிடி எங்களிட்ட வந்ததாம்?"

பெண் அந்தப் பிள்ளையிடம் திரும்பிக் கேட்டாள். பிறகு, "கரையில நிண்ட ஆக்கள் எடுத்தவையாம், மாமி" என்றாள்.

மெதுவாக்கித்தான் சொன்னாள். அந்த வெள்ளைக்காரி சொன்ன சொல்லை நான் கேட்டேன். எனக்கு இங்கிலீசு வராது, அந்தச் சொல் தெரியும். இந்த ஊரில் கடைகளை உடைத்துச் சாமான் தூக்கியபோது தொலைக்காட்சியில் கிழமைக்கணக்காகச் சொன்ன சொல் அது. தப்பிப் பிழைத்த ஒரு கப்பல் அதிகாரி அப்படி எழுதி வைத்திருக்கிறானாம். கரைச் சனங்கள் கொள்ளையடித்தார்கள் என்று.

"கப்பலில நிண்ட சனத்துக்கு என்ன நடந்தது எண்டு கேள்."

முக்கால்வாசிப் பேர் தண்ணீருக்குள் தாண்டு செத்துப்போனார்கள். கப்பல் வேலைக்காரரில் பாதிக்கு மேல் வங்காளத்துப் பக்கத்தார், எங்கள் பக்கத்தார். அவர்களுடைய பெயர்கள் எழுதப்படவில்லையாம். பிழைத்து ஊர் சேர்ந்தவர்களுக்குச் சம்பளமும் இல்லை. சரக்கு வந்து சேர்ந்தால்தான் கூலி, அதுதான் அன்றைய சட்டம். கப்பல் கல்லில் ஏறினால் அதுவரைக்கும் செய்த வேலையும் தண்ணீரோடு போயிற்று. நான் பேக்கரியை நினைத்தேன். அந்தப் பேக்கரிக்காரர் என் புருசன் விழுந்த பிறகு உள்ளதை மட்டும்தான் வெட்டினார்கள். அந்தக் கப்பல்காரனோடு பார்த்தால் புண்ணியவான்கள்.

அந்தப் பிள்ளை பீங்கானை மியூசியத்துக்குத் தருவீர்களா என்று மரியாதையாகக் கேட்டாள். கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். கீழே என்ன எழுதுவீர்கள் என்று கேட்கச் சொன்னேன். கப்பலின் பெயர், முதலாளியின் பெயர், உடைந்த கப்பலிலிருந்து உள்ளூர்ச் சனங்கள் எடுத்தது, அவ்வளவுதான்.

"இருநூறு வருசம் உடையாமல் வைச்சிருந்தனாங்கள் எண்டு எழுதுவினமோ? தலையில வைச்சு நடந்தனான் எண்டு?"

இடம் சின்னது என்றாளாம்.

"அப்ப இல்லையெண்டு சொல்லு. நாட்டையே தூக்கிக்கொண்டு வந்தவை ஒரு பீங்கானுக்கு எங்களைக் கள்ளர் எண்டு எழுதவேண்டாம்."

பெண் அதில் எவ்வளவைச் சொன்னாளோ தெரியாது. வெள்ளைக்காரி தலையை ஆட்டி, பீங்கானை என் கையில் தந்தாள்.

ரயிலில் பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வெள்ளைக்காரருக்குச் சொல்ல எனக்குப் பதில் இருந்தது. எனக்கு நானே சொல்ல இல்லை. கப்பல்காரர் வீடு என்ற பெயரில்தான் நாங்கள் சம்மந்தம் பேசினோம், சபையில் முன்னுக்கு இருந்தோம். அந்தக் கிழவன் கப்பல்காரன் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று பொறுக்கினவன். பக்கத்தில் ஆள் மிதந்திருப்பான். ஆளை முதலில் இழுத்தானா, பீங்கானை முதலில் இழுத்தானா? அதை எழுதி வைக்க எவரும் இல்லை. கேட்கவும் எனக்கு விருப்பமில்லை, ஆனால் மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

"சொறி, மாமி. நான் கொண்டுபோயிருக்கக் கூடாது" என்று பெண் அழுவாள்போல இருந்தாள்.

"நீ என்ன செய்வாய், பிள்ளை" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் வாய் சும்மா இருக்காது. தாயிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தாய் பயித்தம்பணியாரப் பெட்டியோடு வந்து என் வீட்டுச் சோபாவில் இருந்தா. மகனும் இருந்தான். முதலில் மழை, பிறகு மண்டபத்துக் கார் பார்க்கிங், பிறகுதான் பீங்கான்.

"குறை நினைக்காதேங்கோ, அக்கா. செத்தவையின்ர சாமானில தாலி வைக்கேலுமே? அதுவும் தண்ணியில தாண்டு செத்தவை."

"இவ்வளவு நாளும் வைச்சதுதானே."

"தெரியாமல் வைச்சது வேற. இப்ப தெரிஞ்சு போச்சு." பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினா. அவவுக்குச் சிரிப்பும் வந்தது. "கப்பல் விட்ட ஆக்கள் எண்டு சொன்னியள். இப்ப பாத்தால், கப்பல் உடையுமட்டும் கரையில காவல் நிண்ட ஆக்கள் போல கிடக்கு."

"உங்கட கடையில விக்கிறதெல்லாம் உங்கட தோட்டத்தில விளைஞ்சதே?"

"நாங்கள் காசு குடுத்து வாங்கி விக்கிறம், அக்கா."

அதுதான் என்னைச் சுட்டது.

"அதோட இன்னொண்டு," குரலைத் தாழ்த்தினா. "இந்தப் பீங்கானில தாலி வைச்ச நீங்களும்..." மிச்சத்தைச் சொல்லவில்லை. என் நெற்றியைப் பார்த்தா.

நான் மகனைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்தான்.

"தம்பி, நீ என்ன சொல்லுறாய்?"

"அம்மா, இது ஒரு தட்டுத்தானே. இதுக்கு ஏன் சண்டை? கலியாணம் நல்லபடி நடக்கோணும்."

ஒரு தட்டுத்தானே. தாலி கட்டப்போகிறவன் அவன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பணியாரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தது. நல்லாயிருக்கு என்றேன்.

அப்டன் பார்க்கில் ஒரு கடையில் வெள்ளித் தட்டம் வாங்கினார்கள். விளிம்பெல்லாம் மயில். கலியாணக் கார்டுக்குப் பின்னால் கதை இல்லை, மண்டபத்துக்கு வரும் வழிதான் அச்சடித்திருந்தது.

அன்றைக்கு நான் பின் வரிசையில் இருந்தேன். தமையனுக்கு முழங்கால் ஏலாது, ஆகையால் மூத்தவனும் பெண்சாதியும் தாய் தகப்பன் இடத்தில் நின்றார்கள். மேளம் அடித்தது. தட்டம் புறப்பட்டது. பெண்ணின் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி, காற்சட்டை போட்டே வளர்ந்த பிள்ளை, சேலை தடுக்கத் தடுக்க வரிசை வரிசையாகக் கொண்டு வந்தாள். பின் வரிசைக்கும் வந்தாள். எங்கள் வரிசையில் ஒவ்வொருவராகத் தொட்டார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. என் முன்னாலும் நீட்டினாள்.

"தொடுங்கோ, அன்ரி."

தாலியை இவ்வளவு கிட்டப் பார்த்து எவ்வளவோ காலம். என் மகன் கட்டப்போகிற தாலி. என் கை மடியில் இருந்து கொஞ்சம் எழும்பியது, மறைக்க மாட்டேன். அதற்குள் பின்னால் நின்ற ஒரு மனுசி பிள்ளையின் முழங்கையைப் பிடித்து, "அவவை விட்டிட்டு அங்கால போ" என்றா. பிள்ளை முகம் சிவந்து, எனக்கும் சொறி சொல்லி, அவவுக்கும் சொறி சொல்லி, அடுத்த கதிரைக்குப் போனாள். நான் கையைக் கொண்டுபோய்ச் சேலைத் தலைப்பைச் சரி செய்தேன். கெட்டிமேளம் அடித்தபோது எனக்கு முன்னால் எல்லாரும் எழும்பி நின்றார்கள். நான் எழும்பவில்லை. தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை மகனும் மருமகளும் வீட்டுக்கு வந்தார்கள். வருவதாகச் சொல்லவில்லை. நான் விளைமீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பச்சைத் தண்ணீரும் மஞ்சளும் தவிர வேறொன்றும் படாத பீங்கான். கொடியின்மேல் சோறு, விளிம்பில் முள்.

"அம்மா! அதிலயே சாப்பிடுறியள்? மீனோ?"

"சாப்பிடச் செய்ததுதானே."

"உடைஞ்சிடும், அம்மா. மியூசியத்தில கேட்டவையெல்லோ. வைச்சிருக்க விருப்பமில்லாட்டி அங்க குடுங்கோவன்."

"கப்பலே உடைஞ்சு போச்சு. இது உடைஞ்சால் என்ன?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடப் போனான். மருமகள் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கழுத்தில் தாலிக்கொடி புதுசாக மின்னியது. மீனைப் பார்த்தாள், பீங்கானைப் பார்த்தாள்.

"எனக்கும் போடுங்கோ, மாமி. இதிலயே சாப்பிடுறன்."

அவளுடைய தாலிக்கொடியை ஒருமுறை பார்த்துவிட்டு, எழும்பிப் போய் வேறு தட்டு ஒன்றை எடுத்து, அதில் அவளுக்குச் சோறு போட்டேன்.