அண்ணன் பெயரில் ஒரு முன் அச்சு

இராஜகுமாரி கார் ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டிய இடம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. கோயிலுக்கு நடந்தே போகலாம். கண்டி டவுனுக்கு பஸ் இருக்கிறது. கலியாண வீட்டுக்காரர்கள் அவளை மறந்து கனகாலமாகிறது. இருந்தும், அம்பிட்டியவில் அவள் வீட்டுக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில் அவள் கார் கட்டிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம்.

மாநகரசபை வேலைத்தளத்தின் ஸ்டோரில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவள் அவள். அவள் கையால் எடுத்துக் கொடுத்த பெயரிங்கும் புஷ்ஷும் பிரேக் லைனிங்கும் யாரோ ஒருவருடைய வண்டிக்குள் போய் மறைந்துவிடும். பென்சன் வந்த அடுத்த வருடம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அண்ணன் மோகனராஜ் கனடாவில். தீபாவளிக்கு ஒரு போன், அம்மாவின் திவசத்துக்கு ஒரு போன். மற்ற நாட்களில் அவள் டீவியோடு பேசினாள், டீவி அவளோடு பேசவில்லை. தனிமை என்று சொன்னால் ஊர் பரிதாபப்படும், கார் கட்டுகிறேன் என்றால் பைத்தியம் என்னும். பரிதாபத்துக்குப் பைத்தியம் தேவலை என்று அவள் முடிவு செய்தாள்.

கட்டுகஸ்தோட்டை வெல்டர் அஸ்ஃபர் வந்து பெட்டி இரும்பில் செசி, அதாவது காரின் அடிச்சட்டம், ஒட்டிக் கொடுத்தான். விபத்தில் நசுங்கிய ஒரு பழைய சன்னி காரின் எஞ்சினும் பின் அச்சும் சல்லிசாகக் கிடைத்தன. முன்பக்கத்தில்தான் வந்தது வினை. முன் சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிடுகிற ஏற்பாட்டுக்குச் செலவும் நுணுக்கமும் அதிகம், பென்சன் தாங்காது. இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பால் இணைத்த பழைய காலத்து முன் அச்சு ஒன்று கிடைத்தால், பட்டை ஸ்பிரிங் இரண்டைப் போட்டுக் கட்டிவிடலாம். மாட்டுவண்டி அச்சுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு சாமான் அது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய மொரிஸ் கார்களில் அதுதான் இருந்தது. இப்போது அந்தக் கார்கள் எங்கே?

அவள் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினாள். முதல் கடையில் அவள் கேட்ட கேள்விக்கு, அவளை ஏற்றி வந்த திரீவீல்காரனைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். இரண்டாவது கடையில், "எங்க அண்ணன் கார் ஒண்ணு கட்டுறாருங்க, அவருக்குத்தான்" என்று வாயில் வந்தது. உடனே ஒரு கதிரை வந்தது, பின்னால் பிளேன்டீயும் வந்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். சைக்கிள் டியூப் மாற்றத் தெரியாத மோகனராஜுக்கு இந்தப் பொய் பொருந்தாதுதான். ஆனால் அவன் கனடாவில் இருந்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? அன்றிலிருந்து கார் அண்ணனுடையதாகிவிட்டது.

தெல்தெனிய சாஹுல் ஹமீதின் போன் இலக்கத்தைத் தந்தது அஸ்ஃபர்தான். எழுபது தாண்டிய மனிதர், ஒரு காலத்தில் கை டிரக்டருக்கு டிரெயிலர் கட்டியவர். அந்த நாட்களில் பழைய மொரிஸ் அச்சுகள் எல்லாம் டிரெயிலருக்குக் கீழேதான் போய்ச் சேர்ந்தன. சக்கரம் இடம் வலம் திரும்பாமல் இருக்க, அச்சின் இரண்டு முனையிலும் உள்ள மூட்டை வெல்டிங் பிடித்துப் பூட்டிவிடுவார்கள். டிரெயிலருக்கு அது நல்லது. காருக்கு அது செத்த இரும்பு.

"வெல்ட் பிடிக்காதது ஒன்னு என்ட கையில ஈக்கிது," என்றார் சாஹுல் ஹமீது, முதல் போனிலேயே. "ஆருக்கு, புருசனுக்கா?"

"அண்ணனுக்குங்க. மோகனராஜ்."

"அண்ணன்ட்ட சொல்லுங்க, ஸ்பிரிங் உக்கார்ற இடம் ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வேணும்டு அளந்து சொல்லச் சொல்லுங்க."

அவள் அளந்து சொன்னாள். அவர் திரும்ப எடுத்து, ஸ்டியரிங் கம்பி எந்தப் பக்கம் வருகிறது என்று அண்ணனிடம் கேட்கச் சொன்னார். அவள் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இடது பக்கமா வச்சிருக்காராம்" என்றாள். "அட, தப்பு, அங்க எஞ்சின் இடிக்கும், அண்ணன்ட்ட சொல்லுங்க." இப்படியே தொடங்கியது. இரண்டு மாதத்தில் பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் அவருடைய போன் வருவது வழக்கமாகிவிட்டது, அவள் அந்த நேரத்துக்கு முகம் கழுவிக்கொண்டு உட்காருவதும் வழக்கமாகிவிட்டது.

அவரை அவள் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடப் பழகிவிட்டாள். அவர் நிறையப் பேசினார். மனைவி றம்ஸியா மவுத்தாகிப் போய்ச் சேர்ந்ததை, பிள்ளைகள் கட்டாரில் இருப்பதை, வீட்டில் இரும்புப் பேச்சுப் பேச ஓர் ஆள் இல்லாததை. எல்லாவற்றுக்கும் கடைசியில் "அண்ணன்ட்ட சொல்லுங்க" என்று ஒரு முத்திரை விழும். "அண்ணனுக்குப் போனக் குடுங்களேன்" என்பார் சில நாள். குளிக்கிறார் என்றாள், கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றாள். ஒரு மனிதன் எத்தனை தரம்தான் குளிப்பான்? கடைசியில், "அண்ணனுக்கு இடுப்பு பிடிச்சிருக்கு நானா, எழும்ப முடியல" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகு, நட்பெல்லாம் அண்ணனுக்கும் தூது மட்டும் தனக்குமாகப் போய்விட்டதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. இல்லாத ஒருவன் மேல் பொறாமைப்பட்டாள். உண்மையைச் சொன்னால் அந்தப் போனும் நின்றுவிடும் என்று பயமாகவும் இருந்தது.

அச்சைத் தருகிறேன் என்று சாஹுல் ஹமீது சொன்னது ஒரு நிபந்தனையோடு. அண்ணன் நேரில் வர வேண்டும். "ஏவாரிக்குக் குடுக்கிறண்டா எப்பவோ குடுத்திருப்பேன். கட்டுற மனுசன்ட கையில குடுக்கணும்."

ஒரு சனிக்கிழமை, இடுப்பு சரியாகிவிட்டது, அண்ணன் வருகிறார் என்று சொல்லிவிட்டு, அஸ்ஃபரின் சின்னப் பட்டா லொறியில் ஏறி அவள் மட்டும் போனாள். எப்படியும் வாங்கிவிட வேண்டும். என்ன சொல்லி வாங்குவது என்றுதான் தெரியவில்லை. திகனையைத் தாண்டும்போது அஸ்ஃபர், "உண்மையச் சொல்லிருங்க அக்கா" என்றான். "சொல்லத்தான் போறேன்" என்றாள்.

தெல்தெனிய வீட்டு வாசலில் இரண்டு கதிரைகள் போட்டிருந்தன. ஒன்றில், முதுகுக்கு அணையாக ஒரு தலையணை. ஸ்டூலில் வட்டிலப்பமும் இரண்டு கரண்டியும். வெள்ளைத் தொப்பியோடு வெளியே வந்த சாஹுல் ஹமீது, லொறிக்குள் எட்டிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி லொறிக்குள் பார்த்தார்.

"அண்ணன் எங்க?"

அந்தத் தலையணையைப் பார்த்ததும் அவளுக்கு உண்மை சொல்ல மனம் வரவில்லை. "திரும்பவும் பிடிச்சுக்கிச்சு நானா" என்றாள். அஸ்ஃபர் றோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

சாஹுல் ஹமீதின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப இன்னொரு நாளைக்குப் பாப்பமே. இத எப்படிப் பூட்டுறண்டு காட்டிக் குடுக்கணும். உங்களுக்குக் காட்டி என்ன பிரயோசனம்?"

அச்சு முற்றத்தில் இரண்டு மரக்குற்றிகளின் மேல் கிடந்தது. கிரீஸ் பூசி, சாக்குப் போர்த்தி, பிள்ளையைப் போல வைத்திருந்தார். அவள் போய்க் குந்தினாள். சக்கரம் பூட்டும் தட்டை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, மூட்டிலுள்ள முளை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். வலதுபுறம் இலேசாக ஆடியது. நூல் பிடித்து இரும்பு வளைந்திருக்கிறதா என்று பார்த்தாள். "வலது பக்கம் புஷ் மாத்தணும் நானா. இரும்பு நேரா இருக்கு" என்றாள்.

சாஹுல் ஹமீது இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. "அண்ணன் நல்லாப் பழக்கி வச்சீக்கிறாரே" என்றார். "சரி, கொண்டு போங்க. அவர்ட கைக்குப் போனாச் சரி."

அவளுக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. காசைக் கொடுத்தாள், வட்டிலப்பத்தை ஒரு கரண்டி சாப்பிட்டாள். புறப்படும்போது அவர் உள்ளே போய் ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுவந்தார். "மடவளை வெதமாத்தயாட எண்ணெய், நாட்டு வைத்தியம். சுட வச்சு அண்ணன்ட இடுப்புல தடவுங்க. விடிய சுபஹு தொழுதிட்டு அவருக்காக துஆ கேக்காத நாளில்ல." அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அம்பிட்டியவில் அச்சை இறக்கும்போது ஒரு முனை அஸ்ஃபருக்கு, மறுமுனை அவளுக்கு. செசிக்கு முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தவளுக்கு முதுகில் சுளுக்கென்று பிடித்தது. அஸ்ஃபர் போன பிறகுதான் வலி முழுசாக வந்தது. கேட்ட வரம் கிடைத்த நாள். கூட நின்று பார்க்க ஒரு நாதியில்லை.

எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். தோளுக்கு மேலால் கையைக் கொண்டுபோனாள், எட்டவில்லை. கீழால் கொண்டுபோனாள், விரல் நுனி வலிக்கிற இடத்துக்கு ஒரு சாண் இப்பால் நின்றது. எண்ணெய் பாவாடையில் ஒழுகியது. அப்போதுதான் போன் அடித்தது.

"என்னத்தச் சொல்றார் அண்ணன்? அச்சு பிடிச்சீக்கா? எண்ணெய் தடவினீங்களா?"

"கை எட்டல நானா."

"ஆருக்கு?"

"எனக்கு. அண்ணன் கனடாவுல. அவருக்கு ஒரு இடுப்பு வலியும் இல்ல. கார் என்னோடது. அளந்தது, கேட்டது, எல்லாம் நான்தான்."

அவர் போனை வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். இனி அந்தப் போன் வராது, வராமல் போனது நியாயமும்தான்.

"இத்தன நாள்," என்றார் சாஹுல் ஹமீது. குரலில் கோபம் இருந்தது. "இத்தன நாளா நோய் வருத்தமில்லாத மனுசனுக்கு துஆ கேட்டு, அல்லாவ அலைய வச்சீக்கிறேன்."

"மன்னிச்சிருங்க நானா."

அவர் பெருமூச்சு விட்டார். நாற்காலி கிறீச்சிட்டது. "நாளைக்கு சுபஹுக்கு துஆவ மாத்திக் கேக்கணும். உங்கட பேர் என்ன? நான் கேக்கவே இல்லையே."

அவள் சொன்னாள். அவர் ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பார்த்து, சரியா என்று கேட்டார். சரி என்றாள். அம்மா போன பிறகு அந்தப் பெயரை முழுசாக இன்னொருவர் சொல்லிக் கேட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். முதுகின் நடுவில் வலி அப்படியேதான் இருந்தது.