ராஜிக்கென்று கேட்ட கேள்விகள்

கனடாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டக், வாசலில் பனியை வாரிக்கொண்டே ஒரு வேலைக்கான நேர்காணலை முடித்தவர். காதில் போன் பேசும் சின்னக் கருவி, காலில் வீட்டுச் செருப்பு. வேலை கிடைத்துவிட்டது என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். வாழ்த்திவிட்டு, அசல் சான்றிதழ் சரிபார்ப்பு எப்போது என்று கேட்டேன். "ஏன், நான் பொய் சொன்னதாக நினைக்கிறீர்களா?" என்றார். அப்புறம் கொஞ்ச நாள் என்னைப் பார்த்துக் கையசைக்கவில்லை. தென்காசியில் அரசு அலுவலகமொன்றில் ஆளெடுப்புக் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நேர்காணல் என்றால் எனக்கு நீள மேசை, பச்சை விரிப்பு, வராந்தாவில் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கும் வரிசை, வந்தவரை உட்காரச் சொல்வதற்கு முன் தலைவர் எடுத்துக்கொள்ளும் சிறு மௌனம். முகம் பார்க்காமல் ஆளெடுக்கிற நாடு எனக்கு ஒட்டவேயில்லை.

அதனால் இந்தக் குற்றாலச் சீசனுக்கு ஊர் வந்தபோது, இனித் திரும்புவதில்லை என்று நானும் என் மனைவி பார்வதியும் முடிவெடுத்தோம். இருவரும் என்றுதான் நினைத்திருந்தேன். தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சியில் வாடகை வீடு, எரிவாயு இணைப்பு, வாக்காளர் பட்டியலுக்கு மனு. எந்தத் தாளை எந்த மேசையில் வைத்தால் நகரும் என்பது எனக்குத் தெரியும். மகன் வீட்டில் நான் மாடியறைப் பெரியவர். இங்கே அலுவலகத்துக்குள் நுழைந்தால் பழைய ஆட்கள் எழுந்து நாற்காலி போடுகிறார்கள்.

ஒருநாள் பார்வதி கேட்டாள். "ஏங்க, கடையத்துல என் தங்கச்சி மக ராஜிக்கு வெளிநாட்டு வேலை ஒண்ணு. முதியோர் மையத்துல நிகழ்ச்சிகளைப் பாத்துக்கிடணுமாம். போன்லயே இன்டர்வியூ. நீங்க கேள்வி கேளுங்க, நான் ராஜியா இருந்து பதில் சொல்லுதேன். அவளுக்கு அப்படியே சொல்லிக் குடுத்துருவேன்."

தேர்வுக்குழுவே திரும்பி வந்ததுபோல் உட்கார்ந்தேன். பார்வதி இங்கே பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவள், கனடாவில் அதேபோன்ற ஒரு மையத்தில் சம்பளமில்லாமல் உதவி செய்தவள். பதில்கள் நன்றாகவே இருந்தன. நானும் விதிகளைச் சொன்னேன்: முகம் தெரியாவிட்டாலும் நல்ல உடை உடுத்த வேண்டும், அது குரலில் தெரியும். நிமிர்ந்து உட்கார வேண்டும். கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுத்தான் தொடங்க வேண்டும். வீட்டில் சம்மதமா என்று கேட்டேன். அது நம்மூர்க் குழுக்கள் எந்தப் பெண்ணிடமும் கேட்காமல் விடாத கேள்வி.

"அங்கன அதெல்லாம் கேக்கமாட்டாங்க. கேக்கவும் கூடாது."

"கேட்டா?"

"கேட்டா அப்பம் பாத்துக்கிடலாம். அடுத்த கேள்விக்கு வாங்க."

இந்த வேலை ஏன் வேண்டும் என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "அங்க என்னை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்றாள். ராஜி இதை ஒரு சொல்கூட மாற்றாமல் சொல்லட்டும் என்று பாராட்டினேன்.

அந்த வாரமே ஒரு மாலை குற்றாலம் போனோம். நல்ல சாரல். தனக்குச் சளி, நான் மட்டும் குளித்துவிட்டு வரட்டும் என்று வாடகைக் காரிலேயே இருந்துகொண்டாள். ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். மெயின் அருவி வரிசையில் நின்று குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு திரும்பினேன். கார்க் கண்ணாடிகள் ஏற்றிவிடப்பட்டிருந்தன. உள்ளே பார்வதி, கஞ்சி போட்ட பருத்திச் சேலையில், நிமிர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். கிட்டே போனதும் வார்த்தைகள் கேட்டன. நான் திருத்திக் கொடுத்த வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் சொன்ன அந்த ஒரு மூச்சு. கனடாவில் அப்போது காலை, அலுவலகம் திறக்கும் நேரம். கதவைத் திறக்கவில்லை. நேர்காணல் நடக்கும் அறைக்குள் நுழையக் கூடாது என்பது ஊறிப்போன ஒழுங்கு. நனைந்துகொண்டு வெளியே நின்றேன். அவள் சிரித்து, நன்றி சொல்லி, போனை மடியில் வைத்த பிறகு, கதவைத் தட்டினேன்.

"எடுத்துட்டாங்க. இப்பமே சொல்லிட்டாங்க" என்றாள்.

"ராஜியவா?"

"என்னைய."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா, ஏட்டி?"

"சொன்னா விண்ணப்பத்தையும் நீங்களே எழுதுவீங்க, நிராகரிச்சு உத்தரவும் நீங்களே போடுவீங்க. இங்கன நான் சார் வீட்டம்மா. இங்க வந்த பொறவு ஒருத்தராவது பார்வதின்னு கூப்பிட்டாங்களா? தலையைத் துவட்டுங்க மொதல்ல, சளி பிடிக்கும்."

அவளுக்குச் சளி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் ராஜிக்குப் போன் செய்தேன். "பெரியப்பா! பெரியம்மா பாஸாயிட்டாங்களா? நல்ல டிரெய்னிங்ன்னு சொன்னாங்க" என்றாள். மகனை அழைத்தேன். மாடியறையைப் பெருக்கி வைத்துவிட்டானாம். இத்தனை பேர் ஒப்பமிட்ட கோப்பு, என் பார்வைக்கு மட்டும் வரவில்லை.

என்னையும் வரச் சொன்னாள். ஒரு முறைதான். நான் வாக்காளர் பட்டியல் மனு என்னவாயிற்று என்று பார்க்கக் கிளம்பினேன், அவள் திரும்பக் கேட்கவில்லை. அவள் புறப்பட்ட நாளில் திருவனந்தபுரம் போகும் காரில் கேரள எல்லையிலுள்ள புளியறை வரைக்கும் போனேன். விமான நிலையம் வரை போனால் சம்மதம் என்று ஆகிவிடும். சோதனைச் சாவடிக்கு முன்னால் லாரிகள் நீண்டு நிற்க, இறங்கிக் குடையை எடுக்கப் பின்கதவைத் திறந்தேன். அவள் பெட்டிமேல் என் குளிர்கால மேல்கோட்டு மடித்துக் கிடந்தது.

"இது எதுக்கு?"

"இங்கன கெடந்தா பூஞ்சை பிடிச்சிரும். அங்கன மாட்டி வைக்கேன்."

எடுத்து வெளியே போட்டிருக்கலாம். போடவில்லை. கசங்கியிருந்த காலரை நீவிவிட்டுக் கதவைச் சாத்தினேன். லாரிகள் நகர்ந்தன. கோட்டு மலையேறிக் கேரளத்துக்குள் போய்விட்டது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிரே வந்த தென்காசிப் பேருந்துக்குக் கையை நீட்டினேன்.