பேய் பங்களாவில் ஒரு டைம்கீப்பர்

மைசூரு பஸ் நிலையத்தில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்வது தருண்குமாரின் வேலை. ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, முப்பத்திரண்டு வயது. எட்டு வருடம் விசிலும் கையுமாக நின்றதில் உத்தரவு போடும் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. கல்யாணப் பந்தியில் ரசம் எந்த வரிசைக்கு முதலில் போக வேண்டும் என்றுகூட யாரும் கேட்காமலே சொல்வான். நல்ல மனுஷன்தான், பக்கத்தில் உட்காருவதுதான் கஷ்டம்.

நான்கு மாதமாக ஞாயிறு மதியங்களில் அக்ரஹாரத்தில் ஸ்ரீகர், அனகா தம்பதியின் வீட்டில் பேய் ஆட்டம் என்று ஒரு பலகை விளையாட்டு நடக்கிறது. மேஜையில் விரிக்கும் அட்டை ஒரு பாழடைந்த பங்களா. ஆடும் நான்கு பேரும் ஒரே கட்சி. பேய் சீட்டு சொல்கிறபடி நகரும். முறைக்கு ஒன்றாக எடுக்கும் மெழுகுவத்திச் சீட்டுகள் தீர்வதற்குள் நான்கு விளக்குகளோடு நால்வரும் வாசலுக்கு வந்துவிட வேண்டும். ஒருவர் செத்தாலும் எல்லோருக்கும் தோல்வி.

இவர்கள் தோற்றதே இல்லை. ஆனால் ஆடியது தருண் ஒருவன்தான். மற்ற மூவரும் அவன் கைகாட்டிய பக்கம் காய் நகர்த்தினார்கள். நாலாவது ஆளான சௌம்யா அவனோடு கொள்ளேகாலத்தில் கல்லூரியில் படித்தவள், இப்போது ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. போன வாரம் அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் காயைத் தூக்கி வைத்து, "ரைட், போலாம்" என்றுவிட்டான். அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்ரீகர் பிறகு போனில் பக்குவமாகத்தான் சொன்னான். அடுத்தவர் முறையில், கேட்டாலொழிய தருண் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அதற்கடுத்த ஞாயிறு மூன்று பேர்தான் ஆடுவார்கள். தருணுக்கு வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. டீசல் புகையும் ஒற்றை அறையுமாகப் போகிற வாரத்தில் அவனுக்கென்று இருந்தது அந்த மூன்று பேர்தான்.

இந்த ஞாயிறு அவன் வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்ரீகர் விளக்கில்லாத அறைக்குள் போனபோது தொடையைக் கிள்ளிக்கொண்டான். சௌம்யா மாடி ஏறியபோது தண்ணீர் குடிக்க எழுந்துபோனான். திரும்பி வந்தால் பேய் மாடிப்படியிலேயே நின்றது.

கடைசியில் இரண்டே மெழுகுவத்திச் சீட்டு. தருணும் ஸ்ரீகரும் மூன்று விளக்கோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். நாலாவது விளக்கோடு சௌம்யா மாடியில் மாட்டிக்கொண்டாள். அனகா சமையலறையில் இருந்தாள், இப்போது அவள் முறை. அவளிடம் ஒரு மணிச் சீட்டு இருந்தது. அடித்தால் பேய் படியை விட்டு அவளிடம் வந்துவிடும். பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் அவள் வாசலுக்குத் தப்பலாம், இல்லையென்றால் சாவுதான்.

அனகா நிமிர்ந்து தருணைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க தருண்."

அவன் மூச்சு விடாமல் கொட்டினான். மணியே வேண்டாம், அவள் வாசலுக்கு வந்துவிடட்டும், சௌம்யா ஜன்னல் வழியாகக் குதிக்கட்டும். அதற்கு நாலு விழுந்தாலே போதும்.

"கணக்கு சரிதான். ஆனா அவளைக் குதிக்க விட்டுட்டு வாசல்ல நிக்க எனக்கு மனசில்லை" என்றாள் அனகா. மணிச் சீட்டைப் போட்டாள்.

பேய் தடதடவென்று சமையலறைக்கு வந்தது. தருண் ஸ்ரீகரின் தோளைப் பிடித்துக்கொண்டான். பகடை மேஜை விளிம்பு வரை உருண்டு போய் நின்றது. ஆறு. அனகா வாசலுக்குப் பாய, சௌம்யா காலியான படியில் இறங்கி, கடைசிச் சீட்டு தீரும்போது வாசலைத் தொட்டாள். நால்வரும் கத்திய கத்தலில் எதிர்வீட்டு கௌரம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

தருண்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியிருந்தான். ஸ்ரீகரின் தோளைப் பிடித்த பிடியை இன்னும் விடவில்லை.

"நெசமாலுமே பயந்துட்டேனுங்க" என்றான்.

"நாலு மாசமா ஆடறே, இன்னிக்குத்தான் பயமா?" என்றாள் சௌம்யா. "நாங்க இத்தன நாளும் உன்னப் பாத்துத்தான் பயந்துட்டு இருந்தோம்."

அடுத்த ஞாயிறைப் பற்றிக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அனகாவோ பொழுதிருக்கிறது, இன்னொன்று ஆடலாம் என்று சீட்டுகளைக் கலைத்து அடுக்கினாள். முதலில் ஆடும் முறை தருணுக்கு வந்தது. காயைக் கையில் எடுத்தவன், வைக்காமல் மூவரையும் பார்த்தான்.

"நான் எந்தப் பக்கம் போகட்டும்?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூன்று பக்கம் கைகாட்டினார்கள்.