பராசரன் போட்ட கோடு

கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடி, உள்ளங்கையில் குழைத்த ஸ்ரீசூர்ணத்தை வெள்ளிக் குச்சியில் தொட்டு, மூக்கின் மேலிருந்து நெற்றி உச்சிவரை ஒரே இழுப்பு. குச்சியைக் கீழே வைத்த பிறகுதான் பராசரன் கண்ணைத் திறப்பார். எதிரில் கண்ணாடி கிடையாது. "கண்ணாடி பார்த்து இட்டுக்கறவன் தன் கையை நம்பாதவன்" என்பார். அப்படிச் சொன்ன கையோடு ஹாலுக்கு வந்து, தரையில் படுக்கவைத்திருக்கும் ஒரு கண்ணாடியின் மேல் குனிந்துகொள்வார். அது கோல்ஃப் பந்து நேராகப் போவதற்கு.

நகரத் திட்ட அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மைசூருக்குத் தெற்கே ஒரு குடியிருப்பின் குறுக்குத் தெருக்களெல்லாம் தான் போட்ட கோடுகள் என்று ஆட்டோக்காரரிடம்கூடச் சொல்வார். கோல்ஃப் சங்கத்துக்கு மைதான வரைபடம் போட்டுக் கொடுத்த உபகாரத்துக்குத்தான் அந்தக் காலத்தில் அவரைச் சலுகையில் உறுப்பினராக்கினார்கள். கோணல் என்றால் அவருக்கு ஆகாது. மார்க்கெட்டில் முருங்கைக்காயை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்த்து, நேரானதைத்தான் பொறுக்குவார். "சாம்பார்லே போட்டா எல்லாம் துண்டுதானே, சும்னே எதுக்கு இந்தப் பாடு?" என்று மனைவி யதுகிரி மைசூர்க் கன்னடம் கலந்து கேட்பாள். அவர் அடுத்த காயைத் தூக்கிப் பார்ப்பார்.

ஹால் சுவரில் அவர்களுடைய கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கிறது. வெளியே கிளம்புமுன் அதன் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து லேசாக அசைத்து வைத்துவிட்டுத்தான் செருப்பைத் தேடுவார். அவர் தலை மறைந்ததும் யதுகிரி வந்து அதை மறுபடி அசைத்து வைப்பாள். வருஷக் கணக்கில் இது நடக்கிறது. வீட்டில் பல்லி நடமாட்டம் ஜாஸ்தி, அதனால்தான் படம் நகர்கிறது என்பது அவருடைய முடிவு.

ஆட்டத்தில் அவரை ஒரேயடியாக மோசம் என்று சொல்லிவிட முடியாது. தூரத்து அடியெல்லாம் சாமுண்டி மலையைக் குறிவைத்தது மாதிரி ஒழுங்காகத்தான் போகும். குழிக்குப் பக்கத்தில் வந்து, குட்டைக் கோலால் மெல்லத் தட்ட வேண்டிய இடத்தில்தான் சனி பிடிக்கும். பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு வலப்பக்கமாக நழுவிப் போய்விடும். அந்தத் திடலில் திரியும் மயில்கள்கூட அவர் குனிந்தால் வலப்பக்கம் நிற்பதில்லை என்று பல் டாக்டர் சீனு கேலி செய்வார். சீனு அவருக்குக் காலேஜ் காலத்து நண்பர், ஜோடிப் போட்டிகளில் நிரந்தரக் கூட்டாளி. போன முறை தோற்றுவிட்டுத் திரும்பும்போது மட்டும் அவர் கேலி செய்யவில்லை.

"பராசரா, இந்த மாசக் கடைசிப் போட்டியும் இப்படியே ஆச்சுன்னா நான் கெம்பையனோட சேர்ந்துடறேன் கணோ. தப்பா எடுத்துக்காதே."

கெம்பையன் வனத்துறையில் இருந்தவர், நேற்று வந்த உறுப்பினர். பராசரன் அன்று ராத்திரி மோர் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். சீனு போனால் காலையில் அவரோடு சேர்ந்து நடக்க இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. அது அவருக்கே தெரியும்.

பயிற்சிக் கண்ணாடி அடுத்த வாரம் பார்சலில் வந்தது. ஒரு பலகை அகலம். அதன்மேல் குழியை நோக்கி நீளமாக ஒரு கோடு, அதற்குக் குறுக்கே சின்னதாக ஒரு கோடு. மேலே குனிந்து நிற்பவனுடைய இரண்டு கண்ணும் நீளக் கோட்டின்மேல் தெரிய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பெட்டியிலிருந்த காகிதத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. பராசரனுக்கு அது திருப்தியாக இல்லை. மூக்குக்கண்ணாடிக்குள் இருக்கிற கண்ணை எப்படி நம்புவது? அதைவிட உறுதியான அடையாளம் தன் நெற்றியிலேயே இருக்கும்போது? அவர் தலையைத் திருப்பித் திருப்பி, சிவந்த ஸ்ரீசூர்ணக் கோடு குறுக்குக் கோட்டின்மேல் அச்சாகப் படியும்படி நின்றுகொண்டார். இது தன் கண்டுபிடிப்பு என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு.

எதிர்ச் சுவரோரம் எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாயைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். "இனிமே இது தளிகை பண்ற இடத்துக்கு வரப்படாது" என்று யதுகிரி விலக்கிவைத்த டம்ளர். பந்து அதற்குள் போகவில்லை. முன்பாவது விளிம்பைத் தொட்டது, இப்போது ஒரு ஜாண் தள்ளிப் போய்ச் சோபாவுக்கடியில் புகுந்தது. ரசமட்டம் வைத்துத் தரையைப் பார்த்தார். டம்ளரை மாற்றினார். கடைசியில் கண்ணாடியே கோணல் என்று தீர்மானித்து, திருப்பி அனுப்பப் பழைய பெட்டியைத் தேட ஆரம்பித்தார்.

அலமாரியின் அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தவரைப் பார்க்க யதுகிரிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்னா, கண்ணாடி மேலே தப்பில்லே. உங்கோ நெத்திக் கோடுதான் இடப்பக்கம் சாஞ்சிருக்கு."

பராசரன் எழுந்தார். மேஜை இழுப்பறையிலிருந்து பழைய மூலைமட்டத்தை எடுத்துக்கொண்டு போய், அவளுடைய டிரஸ்ஸிங் கண்ணாடி முன் நின்று, புருவத்தின்மேல் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எப்போலேந்து?"

"நம்ம கல்யாணத்துலேந்து. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது."

"ஒருத்தரும் சொல்லலையே?"

"சொன்னா ஒத்துண்டிருப்பேளா?"

அவர் ஹாலுக்கு வந்து சுவரிலிருந்த போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார். படத்தில் நெற்றிக்கோடு நேராகும்படி தான் சாய்த்த சட்டத்தை யதுகிரிதான் நிமிர்த்திவந்தாள் என்பதும், பல்லிகள்மேல் அநியாயமாகப் பழி போட்டதும் அப்போது புரிந்திருக்க வேண்டும். சாயங்காலம் வரை அவர் பந்தையே தொடவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று யதுகிரிக்கு மனசு அடித்துக்கொண்டது.

போட்டியன்று காலையிலும் கிழக்குச் சுவரைப் பார்த்து, கண்ணை மூடி, அதே ஒரே இழுப்பு. கை போன வழிக்குத்தான் கோடும் போயிற்று. பிறகு கண்ணாடிமேல் குனிந்தார். இம்முறை நெற்றிக் கோட்டைப் பார்க்காமல் இரண்டு கண்ணையும் நீளக் கோட்டின்மேல் வைத்தார். சிவப்பு அது பாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. டம்ளர் கணீரென்றது. அவர் போட்டோப் பக்கமே போகாமல் கிளம்பிவிட்டார்.

போட்டியில் கண்ணாடிக்கு அனுமதி இல்லை. கடைசிக் குழியில் அவர் குனிந்தபோது சீனு பார்க்க மாட்டாமல் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். பந்து விழுந்த சத்தம் கேட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பினார். அவர்களுக்குப் பரிசெல்லாம் கிடைக்கவில்லை. காரில் ஏறும்போது சீனு, "அடுத்த மாசத்துக்கு நம்ம ரெண்டு பேர் பேரையும் கொடுத்துட்டேன். கெம்பையன் வேற ஆளைப் பாத்துக்கட்டும்" என்றார்.

பராசரன் வீட்டுக்குள் நுழைந்ததும் போட்டோதான் கண்ணில் பட்டது. சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, மாப்பிள்ளையின் நெற்றிக்கோடு செங்குத்தாக நின்றது. காலையில் அவர் அதைத் தொடவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை, உள்ளே யதுகிரி தாளித்துக்கொண்டிருந்தாள்.

செருப்பைக் கழற்றாமலே போய், சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பக்கத்துக் கதவு நிலையை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, சட்டம் அதோடு ஒத்து நிற்கும்வரை மெல்ல மெல்லத் திருப்பினார். மாப்பிள்ளையின் கோடு இடப்பக்கம் சாய்ந்தது. பராசரன் கையை எடுத்துவிட்டார்.